உரக்கடைக்காரர்கள் மாநாட்டில் ஸ்டால் போடலாமா?

கேள்வி: ஐயா, நானும் என் கணவரும் கே.வி.குப்பம் பக்கத்தில் ஒரு ஷெட் போட்டு பேட்டரி ஸ்பிரேயர் அசெம்பிள் செய்கிறோம். 16 லிட்டர் டேங்க், 12 வோல்ட் 8 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. பம்பும் டேங்கும் வெளியில் வாங்குகிறோம். லான்ஸ் (மருந்து அடிக்கும் குழாய்), நாசில், தோள்பட்டை வார் எல்லாம் இங்கேயே. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு என் பெயரில்தான் இருக்கிறது. ஒன்றுக்கு 2,000 ரூபாய் அடக்கம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு வெளியே வண்டியை நிறுத்தி, 2,700 சொல்லி 2,500 வரைக்கும் கொடுத்துவிடுகிறோம். வரும் பங்குனியில் வேலூர் பைபாஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் வேளாண் இடுபொருள் (உரம், விதை, பூச்சிமருந்து) விற்பனையாளர்களின் ஆண்டு மாநாடு இரண்டு நாள் நடக்கிறது. ஸ்டால் வாடகை 35,000, ஜிஎஸ்டி தனி. போடலாமா? பெரிய கம்பெனிகள் நடுவில் எங்களை யார் பார்ப்பார்கள்? கடைக்காரர்கள் பொம்பளையிடம் வியாபாரம் பேச மாட்டார்கள், ஸ்டாலில் ஆம்பளைதான் நிற்க வேண்டும் என்கிறார் மாமனார். பக்கத்து ஊரில் வேப்பெண்ணெய் மருந்தும் செடி டானிக்கும் தயாரிக்கும் ஒருவர், பாதி வாடகை தருகிறேன், ஸ்டாலைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்கிறார். என்ன செய்யலாம்?

— ஒரு வாசகி, கே.வி.குப்பம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போடுங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் பொய்கை விலையை ஒழுங்குபடுத்திவிட்டுப் போடுங்கள். அதற்கு மனம் வரவில்லை என்றால் அந்த 35,000 ரூபாய் வங்கியிலேயே இருக்கட்டும்.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், மாநாட்டுக்கு வரப்போகிறவர் விவசாயி இல்லை. கோவை கொடிசியாவில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் மாதிரி கண்காட்சிக்கு விவசாயி குடும்பத்தோடு வருவார், தூக்கிப் பார்ப்பார், பிடித்தால் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார். வேலூர் மாநாட்டுக்கு வருகிறவர் உரக்கடை முதலாளி. அவருக்கு ஸ்பிரேயர் தேவையே இல்லை. அவர் கடையில் ஏற்கெனவே இரண்டு மூன்று பிராண்ட் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் உங்களிடம் மனசுக்குள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த அம்மாவிடம் சரக்கு எடுத்தால் எனக்குத் தலைவலி வருமா, வராதா? ஸ்டாலில் நீங்கள் வைக்கிற ஒவ்வொரு பொருளும், சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். பெரிய கம்பெனி நடுவில் யார் பார்ப்பார்கள் என்ற கவலை அதற்கப்புறம்தான்.

அவருக்கு வரக்கூடிய முதல் தலைவலியே உங்கள் சந்தை வண்டிதான். பொய்கைக்குச் செவ்வாய்க்கிழமை யார் யார் வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா என்று சுற்றுவட்டாரமே மாடு வாங்க விற்க அங்கேதான் நிற்கிறது. பள்ளிகொண்டா கடைக்காரர் உங்கள் ஸ்பிரேயரை 2,700-க்குத் தொங்கவிட்டிருக்கும்போது, அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் பொய்கையில் 2,500-க்கு வாங்கி, அதே கடைக்கு வந்து, "என்னய்யா, இருநூறு ரூபா சேர்த்து அடிக்கிறே?" என்று கேட்டால் அன்றோடு முடிந்தது. 200 ரூபாய் போனதற்காக அவர் வருத்தப்பட மாட்டார். பத்துப் பேர் முன்னால் மானம் போனதுதான் அவருக்கு உறைக்கும். அந்தக் கதை அடுத்த மாநாட்டுக்குள் செய்யாறு வரைக்கும் போய்விடும்.

அதனால் சந்தையில் பேரத்தை நிறுத்துங்கள். 2,700 என்றால் 2,700. குறைத்துக் கேட்டால், "பக்கத்துக் கடையிலும் இதே விலைதான், அங்கே வாங்கினாலும் சர்வீஸ் நாங்கள்தான்" என்று சொல்லுங்கள். இன்னும் ஒரு படி மேலே போக முடிந்தால், சந்தை வண்டியையே சர்வீஸ் வண்டி ஆக்கிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை பொய்கையில் உங்கள் வண்டி நிற்கும், எந்தக் கடையில் வாங்கிய உங்கள் ஸ்பிரேயரையும் அங்கே கொண்டுவரலாம் என்று ஆகிவிட்டால், கடைக்காரர் கண்ணுக்கு அந்த வண்டி போட்டியாகத் தெரியாது. பழுது வந்தால் அவர் கைகாட்டி அனுப்ப ஓர் இடம் கிடைத்துவிடும். மாநாட்டில் இதைச் சொன்னாலே பாதிப் பேர் நின்று கேட்பார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். வரியைத் தனியே வைத்துவிடுகிறேன். 2,700-க்கு விற்கும் பொருளில் கடைக்காரருக்கு 400 ரூபாயாவது நிற்க வேண்டும். அதற்குக் கீழே கொடுத்தால் உங்கள் ஸ்பிரேயர் பின் சுவருக்குப் போய்விடும், முன் கொக்கியில் வேறு பிராண்ட் தொங்கும். ஆக அவருக்கு 2,300. உங்கள் அடக்கம் 2,000 போக 300. அதில் வண்டி வாடகை, லாரி பார்சல் என்று ஒன்றுக்கு 40 வையுங்கள். நூறில் ஐந்து பேட்டரி வாரண்டியில் திரும்பி வரும், ஒன்று 800 ரூபாய் என்று வைத்தால் அந்த 4,000 ரூபாயை நூறு ஸ்பிரேயர் மேல் பரப்பும்போது ஒன்றுக்கு இன்னொரு 40. கையில் நிற்பது 220.

ஸ்டால் வாடகையோடு பேனர், டெமோ பெட்டி, வண்டி, இரண்டு நாள் ஆள்கூலி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 60,000-க்குக் குறையாது. 60,000-ஐ 220-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 273 ஸ்பிரேயர். இதை மாநாட்டிலேயே விற்க முடியாது, முயற்சியும் செய்ய வேண்டாம். பதினைந்து கடை பிடித்து, கடைக்கு வருஷத்துக்குப் பதினெட்டு போனால் ஸ்டால் செலவு ஏறக்குறைய வந்துவிடும். பதினைந்து நல்ல கடை, அவ்வளவுதான் உங்கள் இலக்கு. முந்நூறு விசிட்டிங் கார்டு சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அதில் பெருமைப்பட எதுவும் இல்லை.

மாமனார் சொன்னதற்கு வருகிறேன். ஸ்டாலில் நீங்கள்தான் நிற்க வேண்டும். உங்கள் கடிதத்தோடு அனுப்பிய இன்னொரு தாளில், பழுது பார்க்கும் வேலை முழுக்க உங்கள் கையில்தான் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் அந்த மண்டபத்தில் உங்களை மாதிரி ஆள் வேறு ஸ்டாலில் இருக்க மாட்டார். பெரிய கம்பெனி ஸ்டாலில் டை கட்டிய பையன்கள் நிற்பார்கள். பிரஷர் எவ்வளவு, ஒரு சார்ஜில் எத்தனை டேங்க் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். பம்பைக் கழற்றச் சொன்னால் முழிப்பார்கள். பெரியவருடைய தயக்கம் ஒரு தலைமுறைக்கு முந்தைய உரக்கடையைப் பார்த்து வந்தது. இப்போது எத்தனையோ கடைகளில் கல்லாவில் வீட்டு அம்மாவோ, பி.எஸ்சி. அக்ரி படித்த மகளோதான் உட்கார்ந்திருக்கிறார்கள். மானிய உரம் விற்கும்போது பாயிண்ட் ஆஃப் சேல் மெஷினில் விவசாயி கைரேகையை வைத்துப் பில் போடுவதும் அவர்கள்தான். பெரியவரும் ஸ்டாலுக்கு வரட்டும். முன்னால் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். வயதான கடைக்காரர்களை "வாங்க, உட்காருங்க, காபி சாப்பிடுங்க" என்று அழைக்க அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது.

டெமோவுக்கு நான் சொல்வது இது. மேஜைமேல் ஒரு பம்பைத் திறந்து வையுங்கள். நாலு ஸ்குரூ, உள்ளே டயஃப்ரம், சின்ன வால்வுகள், பக்கத்தில் பிரஷர் சுவிட்ச். நனையும் தூள் மருந்தைச் சரியாகக் கரைக்காமல், வடிகட்டாமல் டேங்கில் கொட்டினால் அது வால்வு இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. "ஸ்பிரேயர் ரிப்பேர்" என்று விவசாயி கடைக்குத் தூக்கிவரும் கேஸ்களில் பல இந்த அடைப்புதான் என்பது உங்களுக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியாது. கெட்டுப்போன வால்வு ஒன்றை வெள்ளைப் படிவத்தோடு அப்படியே ஒரு தட்டில் வையுங்கள். அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, "இதைக் கழுவிப் போட்டால் ஸ்பிரேயர் ஓடும், இதோ பாருங்கள்" என்று அவர் முன்னாலேயே கழுவி, மாட்டி, ஓட்டிக் காட்டுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. நோட்டீஸில் நீங்கள் என்ன அச்சடித்தாலும் இந்த ஐந்து நிமிஷத்துக்கு ஈடாகாது.

தண்ணீரை வெறுமனே பீய்ச்சிக் காட்டாதீர்கள், மண்டபக்காரர் சண்டைக்கு வருவார். மூன்று பக்கமும் மேலேயும் அடைத்த கண்ணாடி அக்ரிலிக் பெட்டி ஒன்று செய்யச் சொல்லுங்கள். அடியில் ட்ரே, ட்ரேயிலிருந்து டியூப் திரும்ப டேங்குக்கே. உள்ளே இரண்டு நாசில் பக்கத்தில் பக்கத்தில்: களைக்கொல்லிக்குத் தட்டை விசிறி மாதிரி விழுவது ஒன்று, பூச்சிமருந்துக்கு உள்ளே வெற்றிடம் விட்டுக் கூம்பாக விழுவது ஒன்று. தண்ணீர் மட்டும்தான், மருந்து எதுவும் மண்டபத்துக்குள் வரக் கூடாது. கீழே தார்ப்பாய் விரித்துவிடுங்கள். ஸ்டாலில் கொடுக்கிற பிளக் பாயிண்ட்டை நம்ப வேண்டாம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் முழு சார்ஜில் இரண்டு உபரி பேட்டரியும் உங்களிடமே இருக்கட்டும்.

பேட்டரி பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் கடைக்காரருக்கும் எதிர்காலத்தில் சண்டை வந்தால் அது இதில்தான் வரும். பங்குனியில் நீங்கள் ஆர்டர் எடுத்து, சித்திரையில் சரக்கு போடுகிறீர்கள் என்று வையுங்கள். சொர்ணவாரிப் பருவ நெல்லுக்குக் கொஞ்சம் விற்கும். மீதி கோடவுனில் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடும். மானாவாரி வேர்க்கடலைக்கு ஆடியில்தான் மறுபடி தேடுவார். அதுவரை மூன்று நான்கு மாதம் சார்ஜ் காட்டாமல் கிடந்த லெட் ஆசிட் பேட்டரி தகட்டில் சல்ஃபேட் படிந்து, அட்டைப்பெட்டியைப் பிரிக்கும் முன்பே பாதி செத்திருக்கலாம். விவசாயி வாங்கிப் போய் இரண்டு டேங்க் அடிப்பதற்குள் நின்றுவிடும். கம்பெனி சரக்கு மட்டம் என்று கடைக்காரர் சொல்வார், கடையில் வைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். இரண்டுமே முழு உண்மை இல்லை.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு அட்டைப்பெட்டியின் வெளியே 'கடைசியாகச் சார்ஜ் செய்த தேதி' என்று நாலு கட்டம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுங்கள். முதல் கட்டத்தில் உங்கள் ஷெட்டில் சார்ஜ் போட்ட தேதி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடைப்பையன் சார்ஜ் போட்டுத் தேதி எழுத வேண்டும். பெட்டியைப் பிரிக்காமலே சார்ஜரைச் செருகுகிற மாதிரி பக்கத்தில் ஒரு ஓட்டை விட்டுவிட்டால் அவனும் செய்வான், இல்லாவிட்டால் செய்ய மாட்டான். தேதி எழுதியிருந்தால் பேட்டரியைக் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவோம் என்று சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் கடைக்காரரின் கோடவுனைப் பற்றி யோசித்து பேக்கிங் செய்கிறவர்கள் குறைவு. அந்த ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியை ஸ்டாலின் முன்வரிசையில் வையுங்கள்.

எல்லாரும் எல்லாம் கேட்பார்கள். குடியாத்தம், பரதராமி பக்கக் கடைக்காரர் மாமரத்துக்கு அடிக்குமா என்பார். 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் வளர்ந்த மாமரத்துக்கு எட்டாது, அதற்குப் பவர் ஸ்பிரேயர்தான் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இலவம்பாடி முள் கத்தரிக்கு, பூந்தோட்டத்துக்கு, நெல்லுக்கு, கடலைக்கு என்றால் தைரியமாகச் சொல்லலாம். 'மானியத்தில் கிடைக்குமா' என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். அரசுத் திட்டப் பட்டியலில் உங்கள் மாடல் இல்லாதவரை 'இல்லை' என்பதுதான் பதில். 'ஏற்பாடு பண்ணலாம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஸ்டால் எங்கே என்பது வாடகையைவிட முக்கியம். பணம் கட்டும் முன் மண்டபத்தின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். மேடைக்குப் பக்கத்தில் கௌரவமாக இருக்கும், அங்கேதான் விலையும் அதிகம். ஆனால் ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் நின்று யாரும் வியாபாரம் பேச முடியாது, உங்கள் பம்ப் ஓடுகிற சத்தம்கூடக் கேட்காது. வரவேற்புக் குழு பதிவு செய்யும் மேஜையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் கிடைத்தால் அதை எடுங்கள், மூலையாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் எதிரில் பெரிய பூச்சிமருந்துக் கம்பெனி இருந்தால் நல்லதுதான், அவர்கள் பை கொடுப்பார்கள், கூட்டம் வரும்.

இப்படிப்பட்ட மாநாட்டில் நாள் முழுக்க வியாபாரம் நடக்காது. காலையில் பதிவு செய்துவிட்டு விழா தொடங்கும்வரை ஒரு மணி நேரம். அப்புறம் குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்புரை, தீர்மானங்கள். டீ இடைவேளை. சாப்பாட்டுக்குப் பின் குலுக்கல் பரிசு அறிவிக்கும்வரை இன்னொரு ஒன்றரை மணி நேரம். இந்த மூன்று வேளைதான் உங்களுக்கு. மதியம் பிரியாணி என்றால் (நம் மாவட்டத்தில் வேறு என்ன போடுவார்கள்) பன்னிரண்டரைக்கு மேல் ஸ்டாலில் ஈ காக்காய் இருக்காது, நீங்களும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். முதல் நாள் மாலை கூட்டம் கலைந்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல் தங்குகிற வெளியூர்க்காரர்கள் நிதானமாகச் சுற்றுவார்கள். அந்த நேரத்தில் ஸ்டாலைத் துணி போட்டு மூடிவிட்டுப் போய்விடாதீர்கள்.

பரிசுப் பொருளாகப் பை, டைரி, சாவிக்கொத்து எதுவும் வேண்டாம். பையில் பெரிய கம்பெனியோடு உங்களால் போட்டி போட முடியாது. ஒரு சின்ன ஜிப் கவரில் லான்ஸ் வாஷர் இரண்டு, ஓ-ரிங் இரண்டு, ஃப்யூஸ் ஒன்று போட்டு, மேலே உங்கள் போன் நம்பரை ஒட்டிக் கொடுங்கள். கடைக்காரர் அதைக் கல்லாப் பெட்டியில் போட்டு வைப்பார். என்றைக்கோ யாரோ ஒழுகுகிற ஸ்பிரேயரோடு வந்து நிற்கும்போது, அது வேறு கம்பெனி ஸ்பிரேயராகவே இருக்கட்டும், அவர் கை அந்தக் கவருக்குப் போகும்.

வருகிறவரைப் பற்றி ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கார்டை ஒட்டி, பக்கத்தில் நாலு விஷயம்: எந்த ஊர், போன வருஷம் ஸ்பிரேயர் ஏறக்குறைய எத்தனை விற்றார், இப்போது யாரிடம் எடுக்கிறார், அவரிடம் என்ன குறை. கடைசிக் கேள்விதான் பொன்னானது. "இப்போ எடுக்கிற இடத்தில் என்ன கஷ்டம் அண்ணே?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும், பத்து நிமிஷம் அவரே பேசுவார்.

ஆர்டர் விஷயத்தில் உறுதியாக இருங்கள். மாநாட்டு உற்சாகத்தில் சிலர் "ஐம்பது அனுப்புங்க, சீசன் முடிஞ்சதும் செட்டில் பண்ணிடலாம்" என்பார்கள். கும்பிடு போட்டு மறுத்துவிடுங்கள். உரக்கடைக்காரர் கெட்டவர் இல்லை. அவரே அறுவடை வரைக்கும் விவசாயிக்குக் கடன் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அந்தக் கடனின் ஒரு துண்டைத்தான் உங்கள் தலையில் வைக்கப் பார்க்கிறார். உங்கள் முதலீட்டுக்கு அது தாங்காது. முதல் தடவை மூன்று ஸ்பிரேயர், ரொக்கம். அது விற்றால் அடுத்தது ஐந்து, பில் டு பில்: முந்தைய பில் பணம் வந்தால்தான் அடுத்த சரக்கு. விற்றால் பணம், விற்காவிட்டால் ரிட்டர்ன் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். ரிட்டர்ன் வருகிற சரக்கு சார்ஜ் இல்லாத பேட்டரியோடும் எலி கடித்த அட்டைப்பெட்டியோடும்தான் வரும்.

கடன் கொடுத்தே ஆக வேண்டிய நல்ல கடைக்கு உங்கள் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்துவிட வேண்டும். 2023 நிதிச் சட்டத்தில் இதற்கு ஒரு பல்லும் வைத்தார்கள்: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கிற வருஷம்வரை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. முறையாகக் கணக்கு எழுதும் பெரிய கடைகளின் ஆடிட்டர்கள் மார்ச் மாதம் இதற்காகவே பயப்படுவார்கள். விற்பனைத் தொகையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டி வரி கட்டும் சின்னக் கடைக்கு இந்த வரிப் பிடி செல்லாது. எப்படியானாலும் இன்வாய்ஸின் மேல்பக்கத்தில் உத்யம் எண்ணையும் '45 நாளில் செலுத்தவும்' என்ற வரியையும் அச்சிட்டுவிடுங்கள். சண்டை போடாமலே வேலை செய்யும்.

கூடவே ஒரு எச்சரிக்கை: ஒரே தெருவில் இரண்டு கடைக்குச் சரக்கு போடாதீர்கள். ஆற்காட்டில் ஒன்று, திமிரியில் ஒன்று, கலவையில் ஒன்று என்று இருக்கட்டும். மாநாட்டில் பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் சேர்ந்தே வருவார்கள், சிரித்துப் பேசுவார்கள், ஆனால் இருவரிடமும் உங்கள் ஸ்பிரேயர் போனால் ஒரு மாதத்தில் ஒருவர் ஐம்பது ரூபாய் குறைப்பார், மற்றவர் நூறு குறைப்பார், கடைசியில் இருவருமே உங்கள் சரக்கை நிறுத்திவிடுவார்கள்.

காகித வேலை. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம் வருடம், எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி., புகாருக்கான போன் எண் இருக்க வேண்டும். இல்லாத பெட்டியை விவரம் தெரிந்த கடைக்காரர் உள்ளே விடமாட்டார், எடையளவுத் துறை வந்தால் மாட்டுவது அவரும்தான். லைசென்ஸ் இல்லாமல் ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி எதையும் அச்சடிக்காதீர்கள். விலைப்பட்டியலில் 8424 என்ற ஹெச்.எஸ்.என். எண்ணை (ஜிஎஸ்டிக்கான பொருள் குறியீடு) போடுங்கள், வரி விகிதத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு எழுதுங்கள். வாடகையில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கவும் வழி உண்டு. மத்திய அரசின் கொள்முதல் மற்றும் சந்தைப்படுத்தல் ஆதரவுத் திட்டத்தில் கண்காட்சி வாடகையின் ஒரு பகுதியைக் குறு, சிறு தொழில்களுக்குத் திருப்பித் தருகிறார்கள், பெண்கள் நடத்தும் தொழிலுக்குச் சலுகை கூடுதல். இந்த மாநாடு அதில் சேருமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் முன்கூட்டியே கேளுங்கள், ஆனால் அந்தப் பணத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

மாநாடு முடிந்த மறுநாளே நோட்டை எடுத்து இருபத்தைந்து கடையைத் தேர்ந்தெடுங்கள். அன்றே வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியலும், அவர் ஸ்டாலில் நின்ற போட்டோ இருந்தால் அதையும் அனுப்புங்கள். பிறகு நேரில். காட்பாடி, லத்தேரி, குடியாத்தம் ஒரு நாள். ஆற்காடு, திமிரி, ஆரணி ஒரு நாள். மதியம் இரண்டிலிருந்து நாலுக்குள் போங்கள். காலையில் கடையில் விவசாயி நிற்கும்போது போய் நின்றால் 'அப்புறம் வாம்மா' என்பார், அந்த அப்புறம் வராது. வாரம் ஒருநாள் கடைக்காரர்களில் சிலர் டிப்ளமா வகுப்பில் இருப்பார்கள். இடுபொருள் விற்பனையாளர்களுக்காக ஹைதராபாத்தில் உள்ள மேனேஜ் என்ற வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-இல் தொடங்கிய ஓராண்டுப் படிப்பு அது, டேசி என்பார்கள். நம் பக்கம் எங்கே வகுப்பு நடக்கிறது என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். வகுப்பு நடத்துகிறவர் அனுமதி கொடுத்தால் அங்கே அரை மணி நேரம் ஸ்பிரேயர் பராமரிப்பு சொல்லிக்கொடுங்கள். வாடகை இல்லாத ஸ்டால் அது, நாற்பது கடைக்காரர்கள் ஒரே அறையில் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாகப் பங்கு கேட்கும் வேப்பெண்ணெய்க்காரர். பாதி வாடகை மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் பூச்சியைக் கொல்லும் என்று எதை விற்றாலும், வேம்பாகவே இருந்தாலும், 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஃபரிதாபாத் பதிவுக் குழுவிடம் பதிவு வேண்டும். செடி டானிக் என்று விற்கிற பல சரக்குகளையும் 2021-இல் உயிரூக்கிகள் என்ற பெயரில் 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். மாநாட்டுக்குச் சிறப்பு விருந்தினராக வருகிறவர்களே வேளாண் துறை அதிகாரிகள்தான். அவர்கள் ஸ்டால் ஸ்டாலாகச் சுற்றிப் பார்க்கும்போது உங்கள் பேனருக்குக் கீழே பதிவு எண் இல்லாத பாட்டில் இருந்தால், பாட்டில் யாருடையது என்று பிரித்துப் பேச நேரம் இருக்காது. பக்கத்தில் நின்று பார்க்கிற கடைக்காரர் தன் லைசென்ஸை நினைத்து மெதுவாக நகர்ந்துவிடுவார். வேப்பெண்ணெய்க்காரரிடம் பதிவுச் சான்றும், கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கம்பெனி சர்டிஃபிகேட்டும் (இந்தச் சரக்கை இவர் விற்கலாம் என்ற கடிதம்) இருந்தால் நகலை வாங்கிப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தார்ப்பாய், மல்ச்சிங் ஷீட் (மண்ணை மூடும் விரிப்பு), நிழல்வலை என்று இந்த வகை லைசென்ஸ் தேவைப்படாத சரக்கு விற்கிற யாரையாவது தேடிப் பாருங்கள். காட்பாடி பக்கம் கேட்டாலே கிடைப்பார்கள்.